நேர்ச்சைச் சோறு

என் கணவருக்கு ஐம்பது வயது தாண்டிய பிறகுதான் வாகன உரிமம் தேவைப்பட்டது. அதுவரை எங்கள் வீட்டில் யாரும் கார் ஓட்டியதில்லை. ஓட்ட வேண்டும் என்று நினைத்ததும் இல்லை. சிங்கப்பூரின் பொங்கோலில் வீடு. கீழே இறங்கினால் ரயில். ஏறி உட்கார்ந்தால் ஃபேரர் பார்க்கில் இறங்கி, கறியும் மல்லித்தழையும் வாங்கிக்கொண்டு மதியச் சமையலுக்குத் திரும்பிவிடலாம். அவர் வேலைக்குப் போனது தீவின் அந்தக் கோடியில், ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறைக்கு. அதற்கும் கம்பெனி பஸ் இருந்தது. பஸ்ஸில் ஏறியதும் தூங்கிவிடுவார். பட்டறை வாசலில் யாராவது தட்டி எழுப்புவார்கள்.

பட்டறையில் ஆட்களைக் குறைத்தபோது அவரையும் குறைத்துவிட்டார்கள். சில மாதங்கள் வீட்டில் இருந்தார். வீட்டில் இருக்கும் கணவரைப் பற்றி எழுதினால் அதுவே தனிப் புத்தகம் ஆகிவிடும், அதனால் விட்டுவிடுகிறேன். மசாலா டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கினார் என்று மட்டும் சொல்கிறேன். கடுகு எங்கே என்று தேட நான் அகராதி பார்ப்பது போல விரலை நகர்த்த வேண்டியிருந்தது.

அப்போதுதான் பள்ளிவாசலில் பழக்கமான ஒருவர் அவரைக் கூப்பிட்டார். ரொட்டி செய்து கடைகளுக்கு அனுப்பும் சின்னத் தொழில் அவருடையது.

"பாய், எங்கிட்ட வேன் ஓட்ட ஆள் இல்ல. லைசென்ஸ் எடுத்துட்டு வாங்க, வேலை உங்களுக்குத்தான். வேற ஆள் பாக்க மாட்டேன்."

அந்தக் கடைசி வார்த்தைதான் எங்களை வாட்டியது. ஏனென்றால் என் கணவர் ஓட்டுநர் தேர்வில் தோற்றுக்கொண்டே இருந்தார், அந்த மனிதரும் சொன்ன வாக்குப்படி காத்துக்கொண்டே இருந்தார். எத்தனை முறை தோற்றார் என்று கேட்டால் இன்றைக்கும் அவர் முகம் சுருங்கும், அதனால் எண்ணிக்கை வேண்டாம். சாலையில் நன்றாகவே ஓட்டுவார். வண்டியைப் பின்னுக்கு எடுத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவில் நிறுத்தச் சொன்னால் மட்டும் கை வேறு மனிதரின் கை ஆகிவிடும். சாப்பாட்டு மேசையில் ஊறுகாய் பாட்டிலையும் உப்பு ஜாடியையும் கம்பங்களாக வைத்து, பேரீச்சம்பழப் பெட்டியை வண்டியாகத் தள்ளிப் பழகுவார். மேசையில் ஒருமுறைகூட இடித்ததில்லை.

நான் ஒரு பல் மருத்துவக் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். தேர்வு நாட்களில் கைப்பேசியை மேசைக்கு அடியில் மடியில் வைத்துக்கொள்வேன். மதியத்துக்கு முன்னால் ஒரு செய்தி வரும். ஒரே சொல். "இல்ல." அதற்குப் பிறகு வரும் நோயாளிகளிடம் நான் பேசும் தொனி சரியில்லை என்று டாக்டரே ஒரு நாள் சொன்னார்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் அக்கா இருக்கிறார். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, பிள்ளைகள் வேறு வீடுகளில். வாசலில் துளசியும் கற்றாழையும் வளர்க்கிறார். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பார், நோன்புப் பெருநாளுக்கு எங்கள் வீட்டில் முதலில் வந்து உட்காருவார். பேச்சில் யார் எந்தப் பிழை விட்டாலும் திருத்தாமல் அவரால் இருக்க முடியாது. ஒருமுறை மின்தூக்கியில் ஒட்டியிருந்த தமிழ் அறிவிப்பில் ஒற்றுப்பிழை இருந்ததென்று பேனா எடுத்துத் திருத்திவிட்டு வந்தார்.

கடைசித் தேர்வு நாளன்று காலையில் என் கணவர் பிஸ்மி சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு மின்தூக்கிக்குப் போனார். நடையில் ஒரு துள்ளல் இருக்க வேண்டும் என்று முயற்சி செய்து நடந்தார். அது பின்னாலிருந்து பார்க்கும்போது நன்றாகவே தெரிந்தது. நான் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். அக்கா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இந்தத் தடவ கெடச்சிடும் லா. ஏன் கண்ணைத் தொடைக்கிறே?"

"முடியலக்கா. தோத்துட்டு அவர் சிரிச்சுக்கிட்டே வர்றதைப் பாக்க முடியல."

அப்படியே கையேந்தினேன். காரிடாரில் நின்றுகொண்டு, வாய்விட்டு, இந்த முறை அவர் தேறிவிட்டால் ஒரு முழு ஆட்டை ஆக்கிப் போடுகிறேன் என்று அல்லாஹ்விடம் நேர்ந்துகொண்டேன். இன்னும் என்னவோ சொன்னேன். அழுகை நடுவில் என்ன சொற்கள் வந்தன என்று நான் கவனிக்கவில்லை. அக்கா கவனித்திருந்தார்.

அன்று செய்தி வரவில்லை. அழைப்பு வந்தது. பல் வலியோடு எதிரில் நின்றிருந்த ஒரு சீனப் பெரியவரை விட்டுவிட்டு நான் போனை எடுத்தேன்.

"கெடச்சிருச்சு," என்றார். பெரியவர் என் முகத்தைப் பார்த்துத் தன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்.

மாலையில் வீட்டுக்குப் போனபோது, புது ஓட்டுநர்கள் கண்ணாடியில் ஒட்டும் முக்கோண அட்டையை வாங்கிவந்து சாப்பாட்டு மேசையில் சாய்த்து வைத்திருந்தார். நான் நேர்ச்சையைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததே, உரிமம் கிடைத்ததற்குக்கூட அவ்வளவு மலர்ந்திருக்காது. ஆட்டுக்கறி என்றால் அவருக்கு அப்படி.

"முழு ஆடா?"

"முழு ஆடு."

"நேர்ச்சைன்னா தள்ளிப்போடக் கூடாது. அது கடமை ஆயிடும். மார்க்கத்துல வெளையாடக் கூடாது." இவ்வளவு பேணுதலை அவரிடம் நான் அதற்கு முன் கண்டதில்லை. "பிரியாணிதானே? தொடக்கறி தனியா எடுத்து வை. எலும்பைப் பருப்போட தால்சாவுல போடு. கத்தரிக்காய் கூட வேணாம், மாங்காய் போட்டா போதும்."

நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் ஜூரோங்கில் இருக்கும் தன் தங்கைக்குப் போன் போட்டுக் குடும்பத்தோடு வரச் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் வாசலில் நின்றே அழைப்பு வைத்தார். அக்கா தன் பேத்திக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டார்.

சனிக்கிழமைகளில் பள்ளிவாசலில் பெண்களுக்கு மார்க்க வகுப்பு உண்டு. எடுப்பவர் என்னைவிட வயதில் சின்னவர். நாங்கள் உஸ்தாஸா என்று கூப்பிடுவோம். சிரித்த முகம், ஆனால் சட்டம் என்று வந்தால் ஒரு நூல்கூட நகர மாட்டார். வகுப்பு முடிந்ததும் நான் போய்க் கேட்டேன். நான் கேட்டது ஒரு சாதாரணச் சந்தேகம். சந்தையில் கறிக்கடையில் முழு ஆடாக வாங்கினால் போதுமா, இல்லை நமக்கென்று தனியாக அறுத்ததாக இருக்க வேண்டுமா?

"நீங்க அறுக்கறேன்னு நேர்ந்தீங்களா, ஆக்கிப் போடறேன்னு நேர்ந்தீங்களா?"

"ஆக்கிப் போடறேன்னுதான்."

"அப்ப வாங்கி ஆக்கலாம். யாருக்குப் போடறேன்னு சொன்னீங்க?"

"எல்லாருக்கும்..." என்று இழுத்தேன்.

உஸ்தாஸா என்னைப் பார்த்தார். "எல்லாருக்கும்னு சொன்னீங்களா? சரியா ஞாபகம் இருக்கா? நேர்ச்சையில சொன்ன வார்த்தைதான் முக்கியம். எந்த வார்த்தை சொன்னீங்களோ அப்படியே செஞ்சாகணும்."

"அழுதுக்கிட்டு இருந்தேன் உஸ்தாஸா. பக்கத்து வீட்டு அக்கா இருந்தாங்க."

"அப்ப அவங்களக் கேளுங்க."

இப்படியாக என் நேர்ச்சைக்கு ஒரே சாட்சி, பால்குடம் எடுக்கும் ஓர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் என்று ஆனது. வீட்டுக்கு வந்து அவர் கதவைத் தட்டினேன். அவர் யோசிக்கவே இல்லை.

"'இந்தத் தடவ அவர் பாஸ் பண்ணிட்டா ஒரு முழு ஆட்டை ஆக்கிக் கஷ்டப்படறவங்களுக்குப் போடறேன்'னு சொன்னே."

"எல்லாருக்கும்னு சொல்லலையாக்கா?"

"இல்லவே இல்ல. கஷ்டப்படறவங்களுக்கு. நான்காம் வேற்றுமை. காதால கேட்டேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கக்கா."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ஏன், என்ன ஆச்சு?"

நான் அங்கேயே நின்று உஸ்தாஸாவுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் அவர் குரல் தெளிவாக வந்தது.

"அப்படின்னா அந்த ஆடு முழுக்க அவங்களுக்குச் சொந்தம். வசதியா இருக்கறவங்க அதுல சாப்பிட முடியாது. நேர்ந்தவங்களும் சாப்பிடக் கூடாது. உங்க வீட்டுக்குன்னு ஒரு துண்டுகூட எடுத்து வைக்காதீங்க."

அக்காவின் முகத்தை நான் பார்த்தேன். தன் வாயால் தன் பிரியாணியையும் பேத்தியின் பிரியாணியையும் சேர்த்து இழந்துவிட்டோம் என்று அவருக்குப் புரிய ஒரு நொடி ஆனது.

"எங்க நேத்திக்கடன்ல பிரசாதம் நாங்களும்தானே சாப்பிடுவோம்," என்றார் போனைப் பார்த்து. "உங்களதுல இப்படியா?"

"நீங்க சாட்சி சொல்லாம இருந்திருக்கலாமேம்மா," என்று உஸ்தாஸா சிரித்தார்.

"எனக்கும் முட்டி வலி. ரொம்பக் கஷ்டம்தான் படறேன்."

"அந்தக் கஷ்டம் இல்லம்மா."

போனை வைத்த பிறகும் அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார். பிறகு, "சொன்னது சொன்னதுதான் லா. மாத்திச் சொல்ல எனக்கு வராது," என்றார். பெருமையும் வருத்தமும் கலந்திருந்தது.

என் கணவரிடம் சொல்வதுதான் பெரிய வேலை. அவர் முதலில் நம்பவில்லை. பிறகு வாதாடினார்.

"நேர்ந்தது நீ. நான் இல்ல. நீ சாப்பிடாதே, அது சரி. எனக்கு என்ன?"

"நீங்க கஷ்டப்படறவங்களா?"

"நிச்சயமா. எத்தன மாசமா வேலை இல்லாம இருந்தேன்?"

"திங்கக்கிழமை வேலைக்குப் போறீங்க."

"அப்ப ஞாயித்துக்கிழமை ஆக்கிடு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் நான் ஏழைதான்."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ஆனாலும் மறுபடி உஸ்தாஸாவிடம் கேட்கச் சொன்னார். கேட்டேன். சொந்த வீடு இருக்கிறது, மனைவிக்குச் சம்பளம் வருகிறது, வேலையும் உறுதியாகிவிட்டது, ஆசைப்படுகிறார் என்பதற்காக ஏழையாக்க முடியாது என்று பதில் வந்தது. கூடவே இன்னொன்றும் சொன்னார். நேர்ச்சை செய்வதால் விதி மாறிவிடாது, நேராமல் இருந்திருந்தாலும் அவர் தேறியிருப்பார், அடுத்த முறை பேரம் பேசாமல் பிரார்த்தனையாக துஆ மட்டும் கேளுங்கள் என்று.

என் கணவர் அந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை சொல்லச் சொன்னார். "நேராம இருந்தாலும் தேறியிருப்பாராம். கேட்டியா? அது என் திறமை." பிறகு தங்கைக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லப் போனார். கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். தங்கை உரக்கப் பேசுபவர், அதனால் சாத்தியும் பயனில்லை.

கஷ்டப்படுகிறவர்கள் யார் என்ற கேள்வி அடுத்தது. சிங்கப்பூரில் இதைக் கேட்டால் எல்லாரும் வேறு யாரையாவது காட்டுவார்கள். என் கணவர்தான் யோசித்துச் சொன்னார். பட்டறையில் அவருக்குக் கீழே வேலை பார்த்த புதுக்கோட்டைக்காரர் ஒருவர் இருந்தார். அவர் பிறகு வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே இரும்புத் தகடு விழுந்து கை நசுங்கிவிட்டது. வேலை செய்ய முடியாது, இழப்பீட்டு முடிவு வரும்வரை ஊருக்கும் போக முடியாது. ஃபேரர் பார்க்கில் ஒரு கடைவீட்டு மாடியில், அவரைப் போலவே அடிபட்டுக் காத்திருக்கும் சிலரோடு தங்கியிருந்தார். தமிழ்நாட்டுக்காரர்களும் பங்களாதேஷ்காரர்களும் கலந்த அறை. என் கணவர் அவரை அழைத்துக் கேட்டார்.

"அண்ணே, ஆட்டுக்கறியா?"

"முழு ஆடு தம்பி."

"வாங்கண்ணே. ரூம்ல எல்லாரும் வெளிய போகாம இருக்கச் சொல்றேன்."

ரொட்டிக்கடை முதலாளி ஞாயிற்றுக்கிழமை மதியம் வேனை எடுத்துக்கொள்ளச் சொன்னார். திங்கட்கிழமை வேலையில் சேரப்போகிறவருக்கு அது ஒத்திகையாகவும் இருக்கும் என்றார்.

ஒரு ஆட்டை அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் ஆக்குவது எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஆக்கக் கூடாது. வேறு வழியில்லாமல் நாங்கள் ஆக்கினோம். பள்ளிவாசலில் விருந்துக்குச் சோறாக்கும் பெரிய பாத்திரமான தேக்சா இரண்டு இரவல் வாங்கினோம். ஒன்று அடுப்பில் ஏறியது. இன்னொன்றுக்கு அக்கா வீட்டு அடுப்பு. அக்கா அதுவரை தன் வீட்டில் ஆட்டுக்கறி சமைத்ததில்லை. வெளியில் சாப்பிடுவார், வீட்டில் சாமி அறை இருப்பதால் மீனும் கோழியும் மட்டும்தான். அன்றைக்குச் சாமி அறைக் கதவைச் சாத்தி, "நல்ல காரியத்துக்குத்தான், கொஞ்சம் பொறுத்துக்கோப்பா," என்று முருகனிடம் சொல்லிவிட்டு அடுப்பைக் கொடுத்தார்.

வெங்காயம் நறுக்கி நறுக்கி மூன்று பேரும் அழுதோம். இரண்டு வீட்டுக் கதவும் திறந்தே இருக்க, நான் கரண்டியோடு இங்கும் அங்கும் ஓடினேன். வாசனை மாடி முழுக்கப் பரவியது. மின்தூக்கியில் இருந்து இறங்கிய ஒரு மலாய்க் குடும்பம் எங்கள் வாசலில் நின்று என்ன விசேஷம் என்று கேட்டது. விசேஷத்தைச் சொன்னேன். அவர்களும் பெருமூச்சு விட்டுப் போனார்கள்.

உப்பு பார்ப்பது ஒரு பிரச்சினை. நோன்பு வைத்திருக்கும்போது சமைப்பவர் பார்ப்பது போல நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம் என்று உஸ்தாஸாவிடம் முன்னமே கேட்டு வைத்திருந்தேன். நான் அப்படியே செய்தேன். என் கணவர் தானும் உதவுவதாக முன்வந்தார்.

"நான் பாத்துட்டேன். உப்பு சரியா இருக்கு."

"ரெண்டு பேர் பாத்தா நல்லது. நான் துப்பிடறேன்."

"நீங்க துப்ப மாட்டீங்க."

அவர் எடுத்த கரண்டியைத் திருப்பி வைத்தார்.

தம் போட்டு, மூடியைச் சுற்றி ஈரத் துணி கட்டி, கீழே கொண்டுபோய் வேனில் ஏற்றினோம். அக்காவும் பரிமாறுவதற்காக வருவதாகச் சொல்லிப் பின்னால் தால்சா பாத்திரத்தை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பொங்கோலிலிருந்து ஃபேரர் பார்க் வரை என் கணவர் ஓட்டிய வேகத்துக்கு, பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஒலிப்பானை அழுத்திவிட்டுத்தான் தாண்டினார்கள். அவர் பொருட்படுத்தவில்லை. "கறி தளும்பக் கூடாது," என்று மட்டும் சொன்னார்.

கடைவீட்டின் படிக்கட்டு குறுகலானது, செங்குத்தானது. கீழே எங்களுக்காகக் காத்திருந்தவர்களைப் பார்த்ததும் எனக்கு ஒரு கணம் நெஞ்சு கனத்தது. பங்களாதேஷ்காரர் ஒருவருக்குக் கையில் கட்டு. ஒருவர் ஊன்றுகோல் வைத்திருந்தார். இன்னொருவர் இடுப்பில் பட்டை போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார். ஆனால் அவர்கள் அந்தக் கனத்தை நீடிக்க விடவில்லை. தேக்சாவைத் தூக்க எல்லாரும் ஒரே சமயத்தில் முன்வந்தார்கள்.

"நீங்க நகருங்கண்ணே. எனக்கு எடது கை நல்லாருக்கு, அவனுக்கு வலது கை நல்லாருக்கு. ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆளு," என்றார் புதுக்கோட்டைக்காரர். அப்படியே இருவரும் ஆளுக்கொரு காதைப் பிடித்தார்கள். ஊன்றுகோல்காரர் பின்னால் நின்று வங்காளமும் தமிழும் கலந்து உத்தரவு போட்டார். என் கணவர் நடுவில் தாங்கிப் பிடித்தார். அக்கா கீழே நின்று, "மெல்ல, மெல்ல," என்று வகுப்பறைக் குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு தேக்சாவும் மேலே போய்ச் சேர்ந்தபோது கைதட்டினார்கள்.

மாடியில் சுவரோரமாக இரண்டடுக்குக் கட்டில்கள். தரையைத் துடைத்துச் செய்தித்தாள் விரித்து வைத்திருந்தார்கள். மதியத் தொழுகையான லுஹர் தொழுதவர்கள் விரிப்பை மடித்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். தொழாதவர்கள் தட்டு எடுத்து வைத்தார்கள். நான் மூடியைத் திறந்தேன். ஆவி மேலே எழுந்ததும் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நானும் அக்காவும் பரிமாறினோம். எல்லார் தட்டிலும் சோறு விழுந்தது, கறி விழுந்தது. ஆனால் யாரும் கை வைக்கவில்லை.

"அக்கா, உங்க தட்டு?" என்றார் புதுக்கோட்டைக்காரர்.

"நாங்க சாப்பிடல தம்பி. நீங்க சாப்பிடுங்க."

"அது எப்படி? ஆக்கிக் கொண்டாந்தவங்க சாப்பிடாம நாங்க மட்டுமா?"

"வீட்டுல சாப்பிட்டாச்சா?" என்று ஊன்றுகோல்காரர் கேட்டார். சாப்பிடவில்லை என்று என் கணவரின் முகமே சொன்னது. இடுப்புப் பட்டைக்காரர் தன் தட்டைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தார். அதற்காக நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். சமைத்தவர்களே தொடாத சாப்பாட்டை யார் நம்புவார்கள்?

நேர்ச்சையின் கதையை முழுக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. ஓட்டுநர் தேர்வு, காரிடார், அக்காவின் சாட்சி எல்லாம். கையில் கட்டுப் போட்டவர் அதைத் தன் நாட்டுக்காரர்களுக்கு வங்காளத்தில் சொல்ல, சிரிப்பு ஒரு சுற்று தாமதித்து அந்தப் பக்கமிருந்தும் வந்தது. அக்கா உண்மையைச் சொல்லித் தன் சோற்றை இழந்த இடத்துக்கு அவர்கள் சிரித்த சிரிப்பில் அக்காவே சிரித்துவிட்டார்.

சாப்பிடத் தொடங்கினார்கள். சாப்பிட்டார்கள் என்று சொன்னால் போதாது. யாரும் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை. புதுக்கோட்டைக்காரர் பாதித் தட்டு காலியானதும் நிறுத்தினார். எழுந்து போய்ச் சுத்தமான தட்டு ஒன்றை எடுத்துவந்தார். தேக்சாவிலிருந்து தன் இரண்டாம் பங்கைக் கேட்டு வாங்கினார். அதில் ஒரு தொடைத் துண்டு இருந்தது. அந்தத் தட்டை அப்படியே என் கணவர் முன்னால் வைத்தார்.

"இது எனக்கு வந்த சோறு. இப்ப என்னோடது. என் ரூமுக்கு வந்த விருந்தாளிக்கு நான் குடுக்கறேன். சாப்பிடுங்கண்ணே."

என் கணவர் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்த்தால் கல்லும் போன் எடுத்து உஸ்தாஸாவைக் கூப்பிட்டிருக்கும். நான் மாடிப்படியில் போய் நின்று கூப்பிட்டேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் சிரித்த சத்தத்தில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.

"குடுத்தது அவங்களுக்குச் சொந்தமாயிடுச்சு. அவரு மனசார அன்பளிப்பா குடுத்தா உங்க வீட்டுக்காரர் வாங்கிக்கலாம். அந்த அக்காவும் வாங்கிக்கலாம். நேர்ந்தவங்க நீங்க, நீங்க மட்டும் பேணுதலா ஒதுங்கிக்கோங்க."

நான் திரும்பி வந்து தலையை ஆட்டியதுதான் தாமதம். என் கணவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஊன்றுகோல்காரர் தன் பங்கிலிருந்து அக்காவுக்கு ஒரு தட்டு வைத்தார். அக்கா மறுப்பது போல ஒரு சொல் சொல்லி முடிப்பதற்குள் முதல் கவளம் போய்விட்டது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். இருபத்தைந்து வருடமாக என் சமையலைச் சாப்பிடுகிறவர், ஒருமுறைகூட எனக்காகக் கண்ணை மூடியதில்லை.

நான் மட்டும் வெறும் கையோடு உட்கார்ந்திருப்பதைக் கட்டுக் கைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்து தன் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு டின்னை இழுத்தார். பொரி. ஒரு கிண்ணத்தில் கொட்டி, ஒரு கையாலேயே பச்சை மிளகாயைக் கிள்ளிப் போட்டார். வெங்காயத்தை இன்னொருவர் நறுக்கிக் கொடுத்தார். ஒரு சின்னப் பாட்டிலிலிருந்து கடுகெண்ணெய் ஊற்றிக் குலுக்கி என் கையில் கொடுத்தார்.

"திஸ் ஒன் நாட் யுவர் கோட், சிஸ்டர். திஸ் ஒன் மை ஹவுஸ்." இது உங்கள் ஆடு இல்லை, என் வீட்டுச் சாப்பாடு என்று அதற்குப் பொருள்.

சிங்கப்பூரில் எல்லாருக்கும் பொதுவான அந்த ஆங்கிலத்தில் அதைவிடத் தெளிவாக யாரும் என்னிடம் பேசியதில்லை. ஒரு வாய் போட்டேன். கடுகெண்ணெய் மூக்குவரை ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்க, நான் இன்னொரு வாய் போட்டேன், பிறகு கிண்ணத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. பசி வேறு. காலையிலிருந்து வெங்காயத்தோடும் கறியோடும் நின்றவள். கெட்டியான பாலில் ஒரு தேநீரும் வந்தது. கொண்டுபோனவள் நான், ஆனால் அன்று அந்த மாடியில் என்னைத்தான் எல்லாரும் கவனித்துக்கொண்டார்கள் என்று இப்போதும் தோன்றும்.

மீதம் இருக்குமோ என்று கவலைப்பட்டிருந்தேன். அடுத்த கடைவீட்டு மாடியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தேக்சாவின் அடி தெரிந்தது. தால்சா பாத்திரத்தை யாரோ ரொட்டியால் துடைத்தே எடுத்திருந்தார்கள். இறங்கும்போது காலித் தேக்சாக்களையும் அவர்களே தூக்கிவந்தார்கள். திங்கட்கிழமை ரொட்டி வாங்கிய கடைக்காரர்கள் எல்லாம் வேனிலிருந்து பிரியாணி வாசனை வருவதாகப் புகார் சொன்னார்கள். முதல் நாளே என் கணவர் அந்த வட்டாரத்தில் பிரபலமாகிவிட்டார்.

சில மாதங்கள் கழித்துப் புதுக்கோட்டைக்காரருக்கு இழப்பீடு முடிவானது. ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தின வாரம் அவரையும் கட்டுக் கைக்காரரையும் பொங்கோலுக்குச் சாப்பிடக் கூப்பிட்டோம். அதற்குள் கட்டு பிரித்திருந்தார்கள். விரல்கள் இன்னும் முழுதாக மடங்கவில்லை, ஆனால் கரண்டி பிடித்தார். இந்த முறை நேர்ச்சை எதுவும் இல்லை. கறியும் கொஞ்சம்தான். பக்கத்து வீட்டு அக்கா பேத்தியோடு வந்தார். எல்லாரோடும் நானும் உட்கார்ந்தேன்.

பேச்சு சுவாரசியத்தில் அடுப்பைக் குறைக்க மறந்திருந்தேன். அடிச்சோறு கருகிவிட்டது. எல்லாரும் கருகாத பக்கமாகத் தோண்டி எடுத்துக்கொண்டார்கள். என் கணவர்தான் வாயை அடக்க முடியாமல் சொன்னார்.

"அன்னைக்கு ஃபேரர் பார்க்ல இருந்ததே, அது வேற லெவல்."

"ஆமாண்ணே," என்றார் புதுக்கோட்டைக்காரர்.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு அவரும் மெல்லத் தலையாட்டினார். அவர் பொய் சாட்சி சொல்ல மாட்டார் என்பது எனக்குத் தெரியும். நான் கருகிய பருக்கையை ஒதுக்கிவிட்டு, விருந்தாளிகளுக்கு இன்னொரு கரண்டி வைத்தேன்.